விறகு பாய்லர் கொதிக்கிறது, வீட்டுக்குள் சூடான காற்று போதவில்லை: முழுமையான வழிகாட்டி

வெளியே கொட்டகையில் பாய்லர் 80 டிகிரி காட்டுகிறது. விறகும் மளமளவென்று தீர்கிறது. ஆனால் வீட்டுக்குள் காற்று வரும் வாயில் கையை நீட்டினால் ஏதோ வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அறை சூடேறவே மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது இந்த அமைப்பைப் பற்றி: வீட்டுக்கு வெளியே தண்ணீர் சூழ்ந்த தீயறை கொண்ட விறகு பாய்லர், அதிலிருந்து மண்ணுக்கடியில் வரும் இரண்டு குழாய்கள், வீட்டுக்குள் டக்டில் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாய்) பொருத்திய வெந்நீர் காயில் (நெருக்கமான தகடுகள் கோத்த குழாய்ச் சுருள்), அதன் வழியாகக் காற்றைத் தள்ளும் ஃபர்னஸ் புளோயர். ஃபர்னஸ் என்பது வேறு எரிபொருளால் வீட்டுக் காற்றைச் சூடாக்கும் கருவி, புளோயர் அதன் காற்று விசிறி.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பம்பு வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது சரிவராவிட்டால் பெரிய காயில். அதற்கும் மசியாவிட்டால் பாய்லரே சின்னது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விறகிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து காயிலுக்கு, காயிலிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து அறைக்கு என்று வெப்பம் கைமாறிக்கொண்டே வருகிறது. எந்த இடத்தில் கைநழுவுகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் பணம்தான் போகும். அதனால் முதலில் அளவு, பிறகு தீயிலிருந்து அறையை நோக்கி ஒவ்வொரு இடமாகப் பார்வை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ள இடம் சரியாக இல்லாவிட்டால் பின்னால் உள்ள இடத்தில் எடுக்கும் அளவு தப்பான கதையைச் சொல்லும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

இரண்டு வெப்பமானிகள் போதும். குழாய்க்கு, முனையைக் குழாயோடு கட்டிவைக்கக்கூடிய கம்பி வெப்பமானி நல்லது. காற்றுக்கு, சமையலுக்கு வரும் ஊசி வெப்பமானியே போதும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளக்கும் செம்புக் குழாயில் அது பல டிகிரி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டி, அந்த டேப்பைக் குறி வைத்து அளவெடுங்கள்.

விறகின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர், டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், அலுமினிய ஃபாயில் டேப், ஒரு நோட்டு, பென்சில். இவ்வளவுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் அசட்டை வேண்டாம். 80 டிகிரி தண்ணீர் பட்டவுடன் தோல் வெந்துவிடும், ஆகவே வால்வையோ ஃபில்டரையோ திறப்பதற்கு முன் பம்பை நிறுத்தி, இரண்டு பக்க வால்வுகளையும் மூடி, ஆறவிடுங்கள். டக்டைத் திறக்கும்போது மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். பாய்லரின் மேல் இருக்கும் திறந்த காற்றுக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. நீராவி வெளியேற அது ஒன்றுதான் வழி. தண்ணீர் வற்றிப்போன சூடான பாய்லரில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தீ அணைந்து முழுக்க ஆறின பிறகுதான் நிரப்ப வேண்டும். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

2. ஆறு இடங்களில் வெப்பநிலை எழுதுங்கள்

பாய்லர் தன் மேல் அளவை எட்டிய பிறகு, புளோயரைத் தொடர்ந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதுதான் காயிலும் டக்டும் நிலைக்கு வரும். பிறகு இந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்:

முதல் இடம், பாய்லரிலிருந்து குழாய் கிளம்பும் இடம். இரண்டாவது, அதே குழாய் காயிலுக்குள் நுழையும் இடம். மூன்றாவது, காயிலிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடம். நான்காவது, திரும்பும் குழாய் பாய்லரில் சேரும் இடம். ஐந்தாவது, காயிலுக்கு முன்னால் உள்ள காற்று. ஆறாவது, காயிலுக்குப் பின்னால் உள்ள காற்று.

ஆறாவது இடத்தில் ஊசியைக் காயிலுக்கு ஒட்டினாற்போல் செருகாதீர்கள். காயிலின் கதிர்வீச்சு நேராகப் பட்டு அளவை ஏற்றிக் காட்டிவிடும். டக்ட் முதல் வளைவு திரும்பியதும் சின்னதாக ஓட்டை போட்டுச் செருகுங்கள். வேலை முடிந்ததும் ஃபாயில் டேப்பால் மூடிவிடலாம். ஓட்டை டக்ட் தகட்டில் மட்டும்தான். ஃபர்னஸின் உள்ளே இருக்கும் வெப்பமாற்றியைத் துளைத்தால் புகைவாயு வீட்டுக்குள் வந்துவிடும்.

பாய்லர் ஒரே வெப்பநிலையில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் இடத்தில் அளந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது இடத்தில் அளந்தால் கணக்கு தப்பும். உள்விட்டம் 22 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மீட்டருக்கு 0.38 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். 40 மீட்டர் தூரத்துக்கு சுமார் 15 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், பாய்லரை விட்டுக் கிளம்பிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் வீட்டில் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

3. அந்த எண்களை எப்படிப் படிப்பது

மனத்தில் வைக்க ஒரே ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடி, அது 1 டிகிரி குளிர்ந்தால், 70 வாட் வெப்பத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர், காயிலில் 10 டிகிரி இறக்கம் என்றால் 20 × 10 × 70 = 14,000 வாட். அதாவது 14 கிலோவாட்.

இப்போது உங்கள் நோட்டைப் பாருங்கள்.

முதல் இடமே 65 டிகிரிக்குக் கீழே இருந்தால் சிக்கல் தீயில் அல்லது பாய்லரில். 4, 5-ஆம் பகுதிகளுக்குப் போங்கள்.

முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் இடையே 2 டிகிரிக்கு மேல் இறக்கம் என்றால் வெப்பம் மண்ணுக்குள் போகிறது. 6-ஆம் பகுதி.

காயிலில் தண்ணீர் 15, 20 டிகிரி இறங்குகிறது, காற்றோ சுமாராகத்தான் சூடேறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு. கொஞ்சம் தண்ணீர்தான் வருகிறது. வந்ததும் தன்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடுகிறது. 7-ஆம் பகுதி.

காயிலில் தண்ணீர் 3, 4 டிகிரிதான் இறங்குகிறது, காற்றும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்றால் காயில் வெப்பத்தைக் கைமாற்றவில்லை. 8-ஆம் பகுதி.

தண்ணீர் இறக்கம் குறைவு, ஆனால் காற்று 60 டிகிரி அளவுக்குச் சூடாக வருகிறது, அறை மட்டும் குளிர்கிறது என்றால் காற்று போதுமான அளவு ஓடவில்லை, அல்லது வழியில் தொலைகிறது. 9-ஆம் பகுதி.

எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தும் குளிர்கிறது என்றால் 10, 11. ஆனாலும் முதல் தடவை எல்லாப் பகுதிகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள். இரண்டு கோளாறுகள் சேர்ந்து இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

4. விறகும் தீயும்

ஈர விறகு எரியும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாக ஏறக்குறைய 2.6 மெகாஜூல் எடுத்துக்கொள்ளும். பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகு 10 கிலோ போட்டால், 5 கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 13 மெகாஜூல், அதாவது 3.6 கிலோவாட் மணி செலவாகிறது. அது நேராகப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். தீயும் சூடு பிடிக்காது, எரியாத புகை தாராகப் படியும்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதை அளப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, கட்டையின் வெளிப்பக்கத்தில் மீட்டரைக் குத்துவது. வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்துங்கள். வெளியே 16 காட்டிய கட்டை உள்ளே 34 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதை ஒரு வருடம் காய்ந்த விறகு என்று நம்பியிருந்தார். காய்ந்ததுதான், ஆனால் பிளக்காமல் உருளையாகவே கிடந்து காய்ந்தது. பட்டை ஈரத்தை விடாது. பிளந்து, தரையிலிருந்து தூக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று புகும்படி அடுக்குங்கள்.

தீயறைக் கதவைத் திறக்கும்போது முதலில் காற்று ஃபேனை நிறுத்தி, ஒரு விரல் அளவு மட்டும் திறந்து, பக்கவாட்டில் நின்று பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள். உள்ளே தேங்கிய புகை திடீர்க் காற்றுப் பட்டு முகத்தில் வீசும். கதவை மூடியபின் கேஸ்கட் (கதவோரத்தில் காற்று புகாமல் அடைக்கும் பட்டை) ஒழுங்காகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தாளை இடுக்கி மூடி இழுத்தால் உருவிக்கொண்டு வரக் கூடாது. இந்தச் சோதனையைப் பாய்லர் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

குப்பை, பிளாஸ்டிக், வர்ணம் பூசிய பலகை எதையும் போடாதீர்கள். புகை நஞ்சாகும், அதன் அமிலம் இரும்பையும் தின்னும்.

5. பாய்லர்

தீ நன்றாக இருந்தும் தண்ணீர் சூடேறவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே போர்வை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பலும் தாரும் வெப்பத்தைக் கடத்தாத பொருள்கள். தீயறைச் சுவர்களையும், புகை போகும் குழாய்களையும் கம்பி பிரஷால் சுரண்டுங்கள். புகைபோக்கி வெளியேறும் இடத்தில் வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போகிறதென்றால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு வானத்துக்குப் போகிறது.

தண்ணீர் மட்டம் குறியில் இருக்க வேண்டும். குறைந்தால் நிரப்பினால் மட்டும் போதாது, ஏன் குறைந்தது என்று தேடுங்கள்.

நான்காவது இடத்து அளவையும் இங்கே பாருங்கள். திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால், புகையில் உள்ள ஈரம் பாய்லரின் உள்சுவரில் வியர்த்து, தாரோடு கலந்து இரும்பை அரிக்கும். பாய்லர் வாசலிலேயே சூடான தண்ணீரைக் கொஞ்சம் திரும்பும் குழாயில் கலந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வால்வு பழுதாகிப் பாதியில் சிக்கிக்கொண்டால் சூடான தண்ணீர் வீட்டுக்கு வராமல் அங்கேயே சுற்றும். பாய்லர் 82, வீட்டுக்குக் கிளம்பும் குழாய் 60 என்று எண்கள் வந்தால் முதல் சந்தேகம் இந்த வால்வின் மேல்தான்.

6. நிலத்தடிக் குழாய்

வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் நல்ல காப்புள்ள குழாய் 30 மீட்டருக்கு 1 டிகிரியோ அதற்கும் குறைவாகவோதான் இழக்கும். ஒரு வீட்டில் பாய்லரில் 78, வீட்டுக்குள் நுழையும்போது 71. நிமிடத்துக்கு 20 லிட்டர். கணக்குப் போட்டால் 7 × 20 × 70, ஏறக்குறைய 10 கிலோவாட் போகிற வழியிலேயே மண்ணுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் அதுவரை இரண்டு பம்பு மாற்றியிருந்தார். வெளியே வந்து பார்த்தால், முற்றமெல்லாம் பனி மூடிக் கிடக்க, பாய்லரிலிருந்து வீடு வரை ஒரு முழ அகலத்துக்குப் பச்சைப் புல் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு அடியில்தான் குழாய்.

காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டு குழாய்களையும் மூடியிருக்கும் வெளி உறைக் குழாய்க்குள் நிலத்தடி நீரோ மழைநீரோ புகுந்துவிட்டால், காப்பு நனைந்து அதன் வேலை போய்விடும். இரண்டு முனைகளிலும் உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் தெரிகிறதா என்று. மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, முனைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்கலாம். மறுபடி நிறைந்தால் உறை எங்கோ கிழிந்திருக்கிறது. அப்போது தோண்டி மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. மாற்றும்போது, இடைவெளியே இல்லாமல் நுரையால் நிரப்பி உருவாக்கிய குழாயைப் போடுங்கள், தண்ணீர் நகர இடமே இருக்காது. விலை உறுத்தும், ஆனால் இந்த அமைப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்று.

போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஒரே உறைக்குள் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தாலும், சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி வீட்டை எட்டாமலே பாய்லருக்குத் திரும்பிவிடும்.

7. தண்ணீர் ஓட்டம்

ஓட்டம் குறைந்தால் பார்க்க வேண்டியவை நான்கு. வரிசை: ஃபில்டர், காற்று, பம்பு, குழாயின் அளவு. செலவில்லாதது முதலில்.

ஃபில்டர். போன வருடம் நன்றாக இருந்தது, இந்த வருடம் சூடு இல்லை என்றால் பத்தில் பல தடவை இதுதான். வால்வுகளை மூடி, மூடியைக் கழற்றி, வலையை வெளியே எடுங்கள். நான் கடைசியாகத் திறந்ததில் கறுப்புச் சேறு, மை மாதிரி விரலில் ஒட்டியது. ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனதும் சேறு முள்முள்ளாக எழுந்து நின்றது. இரும்பு அரித்து வந்த துகள். அதற்குள் வெள்ளை நூல் நூலாகக் குழாய் இணைப்பில் சுற்றும் டேப்பின் துண்டுகள். கழுவி மாட்டியதும் காயிலுக்கு வரும் தண்ணீர் 9 டிகிரி கூடியது. கறுப்புச் சேறு வந்தால் தண்ணீரில் போடும் துருத் தடுப்பு மருந்து தீர்ந்திருக்கிறது என்றும் புரிந்துகொள்ளுங்கள். சோதனைத் தாளால் பார்த்து, பாய்லர் செய்தவர்கள் சொன்ன அளவுக்குச் சேருங்கள்.

குளிக்கிற வெந்நீருக்காக வழியில் தகட்டு வெப்பமாற்றி வைத்திருந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். அதன் இரண்டு பக்கமும் அமுக்க மானி இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அதைத் தவிர்த்துப் போகும் மாற்று வழியைத் திறந்து, காயிலுக்கு வரும் சூடு கூடுகிறதா என்று பாருங்கள்.

காற்று. குழாயில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். காயிலுக்குள் கலகலவென்று சத்தம், காயிலின் ஒரு பாதி சூடு மறு பாதி குளிர் என்றால் இதுதான்.

இங்கே பலர் சறுக்குகிற ஒரு விஷயம் இருக்கிறது. இந்த பாய்லர்கள் பெரும்பாலும் மேலே திறந்தவை, அமுக்கம் இல்லாதவை. காயில் பாய்லரின் தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் இருந்தால், பம்பு நின்றதும் அந்த இடத்தில் அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அப்போது அங்கே காற்றுத் திருகைத் திறந்தால் காற்று வெளியே போகாது, உள்ளே வரும். தானாகத் திறந்து மூடும் காற்று வால்வை அங்கே பொருத்திவிட்டு, தினமும் காற்று நிறைகிறதே என்று தவிக்கிறவர்கள் இதனால்தான் தவிக்கிறார்கள். பம்பு ஓடும்போதே திறந்து, தண்ணீர்தான் வருகிறது என்று உறுதி செய்து, பம்பு ஓடும்போதே மூடிவிடுங்கள்.

இன்னும் நல்ல வழி: திரும்பும் வால்வை மூடிவிட்டு, வீட்டுத் தண்ணீர் ஹோஸைக் காயில் பக்கத்து வடிகால் குழாயில் மாட்டி, காற்றைத் தண்ணீரின் வேகத்தாலேயே பாய்லருக்குத் தள்ளிவிடுவது. அங்கே ஒருவர் நின்று, குமிழி நிற்கிறதா, மட்டம் வழிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு அதே மாதிரி மறு குழாய்க்கும். முடிந்ததும் மருந்தின் அளவைச் சரிபார்க்க மறக்காதீர்கள், புதுத் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

பம்பு. அம்புக்குறி தண்ணீர் போக வேண்டிய திசையில் இருக்கிறதா? மூன்று வேகம் உள்ள பம்பு என்றால் எந்த வேகத்தில் இருக்கிறது? பம்புக்குள் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டால் அங்கே தண்ணீர் கொதித்துக் குமிழியாகிறது. சூடான தண்ணீருக்கு உறிஞ்சும் பக்கம் அமுக்கம் வேண்டும். அதனால் பம்பு பாய்லருக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, பாய்லரிலிருந்து வெளியே தள்ளும்படி இருக்க வேண்டும். வீட்டுக்குள் உயரத்தில் மாட்டிய பம்பு எவ்வளவு பெரிதானாலும் இந்தத் தொல்லை தரும்.

இதெல்லாம் சரி, இன்னும் பெரிய பம்பு போடலாமா? ஓட்டத்தை இரண்டு மடங்காக்க அமுக்கம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். அதோடு, காயிலில் நிமிடத்துக்கு 10 லிட்டரிலிருந்து 20-க்குப் போனால் நல்ல பலன் தெரியும், 25-லிருந்து 35-க்குப் போனால் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீர் இறக்கம் ஏற்கெனவே 8 முதல் 11 டிகிரிக்குள் இருந்தால் பம்பைத் தொடாதீர்கள்.

குழாயின் அளவு. ஒரு அங்குல பெக்ஸ் (வெந்நீருக்கான பிளாஸ்டிக்) குழாயின் உள்விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்தில் சுமார் 17. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் ஒரே ஓட்டத்துக்கு உராய்வு மூன்று மடங்குக்கு மேல். நீண்ட தூரத்துக்கு முக்கால் அங்குலம் போட்டிருந்தால் எந்தப் பம்பாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

8. காயில்

முதலில் இருக்கும் இடம். காயில் புளோயருக்குப் பின்னால், காற்று அறைகளுக்குக் கிளம்பும் பக்கம் இருக்க வேண்டும். திரும்பும் பக்கம் வைத்தால் சூடான காற்று புளோயர் மோட்டாருக்குள் புகுந்து அதைக் கருக்கும்.

அடுத்தது சுற்றியுள்ள இடைவெளி. காற்று சோம்பேறி. காயிலின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிட, ஓரத்தில் ஒரு அங்குல இடைவெளி கிடைத்தால் அதில் ஓடிவிடும். டக்டைத் திறந்து உள்ளே டார்ச்சை வைத்து, இருட்டில் மறுபக்கம் பாருங்கள். காயிலின் ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அந்த வழியாகக் காற்று சூடேறாமல் தப்பிப் போகிறது. தகரம் வெட்டி அடைத்து, ஃபாயில் டேப் ஒட்டுங்கள். நான் பார்த்த வீடுகளில் இந்த ஒரு வேலைக்கு ஆன செலவுக்குக் கிடைத்த பலன் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பிறகு தூசி. காற்று நுழையும் முகத்தில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பிரஷால் தகடுகளின் போக்கிலேயே மெல்ல இழுத்து, தூசி உறிஞ்சியால் எடுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கி வழி அடைந்துவிடும்.

தண்ணீர் இணைப்பின் திசையும் முக்கியம். சூடான தண்ணீர், காற்று காயிலை விட்டு வெளியேறும் பக்கத்து வரிசையில் நுழைய வேண்டும். குளிர்ந்த தண்ணீர், காற்று நுழையும் பக்கத்திலிருந்து வெளியேற வேண்டும். இப்படி எதிரெதிராகப் போனால், கடைசியாக வெளியேறும் காற்று மிகச் சூடான தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போகும். மாற்றி இணைத்திருந்தால், பல வரிசைகள் உள்ள காயிலில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, காயில் மேல் எழுதியிருக்கும் திறன். அது பெரும்பாலும் 82 டிகிரி தண்ணீருக்கான எண். அறைக் காற்று 20 டிகிரி என்றால் அங்கே இடைவெளி 62. உங்கள் தண்ணீர் 60 டிகிரிதான் என்றால் இடைவெளி 40. ஆக, 40-ஐ 62-ஆல் வகுத்தால் வருகிற 65 சதவீதம்தான் கிடைக்கும். காயிலை மாற்றுவதற்கு முன் தண்ணீரின் சூட்டைக் கூட்ட முடியுமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

9. காற்று

ஃபர்னஸ் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். வெறும் பத்து நிமிட வேலை. இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்யாதீர்கள்.

நொடிக்கு 1 கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடேற்ற 1.2 கிலோவாட் வேண்டும். நொடிக்கு 0.4 கன மீட்டர் ஓடி, 20 டிகிரியில் நுழைந்து 48-இல் வெளியேறினால் 0.4 × 28 × 1.2, அதாவது சுமார் 13 கிலோவாட். காற்றின் அளவு பாதியானால், வெளியேறும் காற்று இன்னும் சூடாக இருக்கும், ஆனால் அறைக்கு வரும் மொத்த வெப்பம் குறையும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் கை இங்கே நம்மை ஏமாற்றும். தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. 30 டிகிரி காற்று வேகமாகப் பட்டால் கைக்குச் சில்லென்றே இருக்கும், அறையையோ அது சூடாக்கிக்கொண்டுதான் இருக்கும். புளோயர் வேகத்தைக் குறைத்தால் காற்று சூடாக வருகிற மாதிரித் தெரியும், உடனே வேலை முடிந்தது என்று மகிழ்வார்கள். மறுநாள் காலையில் அறை இன்னும் இரண்டு டிகிரி கீழே போயிருக்கும். கையை நம்பாதீர்கள், அறையின் நடுவில் வெப்பமானியை வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். காயில் புதிதாகச் சேர்ந்ததால் காற்றுக்குத் தடை கூடியிருக்கும். அதனால் புளோயரை ஒரு படி உயர்த்திப் பார்ப்பதே பெரும்பாலும் சரியான திசை. காற்று 40 டிகிரிக்கு மேலேயே வரும் வரை கூட்டலாம்.

காற்று அறைக்குள் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். கதவு மூடிய அறையில் கதவுக்கடியில் இடைவெளி இல்லையென்றால், உள்ளே அமுக்கம் ஏறி, புதுக் காற்று நுழையாது. கதவைத் திறந்ததும் அந்த அறை சூடேறத் தொடங்கினால் காரணம் இதுதான்.

ஐந்தாவது இடத்து அளவு அறை வெப்பநிலையைவிடப் பல டிகிரி குறைவாக இருந்தால், திரும்பும் டக்ட் எங்கோ வெளிக்குளிரை உறிஞ்சுகிறது. பரணிலும் தரைக்கடியிலும் போகும் டக்டுகளின் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். துணி டேப் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். ஃபாயில் டேப்பும் டக்ட் பூச்சும்தான் நிற்கும். சூடில்லாத இடத்தில் போகும் டக்டுக்கு மேலே காப்பும் போடுங்கள்.

10. தெர்மோஸ்டாட்

விறகுக்கு ஒன்று, ஃபர்னஸுக்கு ஒன்று என்று இரண்டு தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். விறகுக்கானது 21 என்றால் ஃபர்னஸுக்கானதை 19-இல் வையுங்கள். விறகு முதலில் முயலும், முடியாதபோது ஃபர்னஸ் கைகொடுக்கும்.

காயிலுக்கு வரும் குழாயில் வெப்பநிலை சுவிட்ச் ஒன்றைக் கட்டி, தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே போனால் விறகுத் தெர்மோஸ்டாட்டுக்காகப் புளோயர் ஓடாதபடி செய்யுங்கள். இது இல்லாத வீடுகளில் தீ அணைந்த பிறகும் புளோயர் விடிய விடியக் குளிர் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்.

குளிர்காலம் முழுக்கப் பம்பு நிற்காமல் ஓடட்டும். நிறுத்தினால் குழாய் உறையும் அபாயம் உண்டு. காயில் ஒவ்வொரு தடவையும் குளிரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரவில் தெர்மோஸ்டாட்டை ஐந்தாறு டிகிரி இறக்குவதும் இந்த அமைப்புக்கு ஒத்துவராது. காலையில் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் சூடு கேட்கும், பாய்லர் தண்ணீர் சரிந்துவிடும். ஒன்று, இரண்டு டிகிரி போதும்.

11. எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால்

கடும் குளிர் நாளில், நல்ல விறகு முழுத் தீயில் எரியும்போது பாய்லர் தண்ணீரைக் கவனியுங்கள். 80-இலிருந்து மெல்ல இறங்கி 55-இலோ 58-இலோ போய் நின்றுவிட்டால், வீடு கேட்பது தீ கொடுப்பதைவிட அதிகம் என்று பொருள். அந்த நிலையில் பெரிய காயில் போட்டால் தண்ணீர் இன்னும் கீழே இறங்கும், அவ்வளவுதான். விறகை அடிக்கடி போடுவது, வீட்டின் காற்றுக் கசிவுகளை அடைப்பது, பரணில் காப்பு போடுவது, கொட்டகையையும் அதே பாய்லரில் சூடாக்கினால் அந்த வால்வைக் கொஞ்ச நாள் மூடுவது ஆகியவைதான் இங்கே உதவும்.

மாறாக, தண்ணீர் 80-லேயே நிற்கிறது, தீ பாதி நேரம் அடங்கியே கிடக்கிறது, வீடு குளிர்கிறது என்றால் வெப்பம் இருக்கிறது, வந்து சேரவில்லை. 6 முதல் 9 வரை மறுபடி போங்கள். இந்த நிலையில் மட்டும்தான் இரண்டாவது காயில் அல்லது பெரிய காயில் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

12. மாற்றியபின் மறுபடி அளப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பம்பு வேகத்தையும் புளோயர் வேகத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. மாற்றியபின் ஒரு நாள் விட்டு, அதே மாதிரிக் குளிரில், அதே இருபது நிமிடம் ஓடவிட்டு, அதே ஆறு இடங்களில் அளவெடுங்கள்.

எல்லாம் நன்றாக ஓடும் நாளில் வரும் ஆறு எண்களையும், வெளிக்குளிர் எவ்வளவு என்பதையும், தேதியோடு ஒரு அட்டையில் எழுதி ஃபர்னஸ் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த தடவை சூடு குறைந்த மாதிரித் தோன்றினால் முதலில் அந்த அட்டையின் பக்கத்தில் புது எண்களை எழுதிப் பாருங்கள். எந்த எண் விலகியிருக்கிறதோ, அங்கிருந்தே தொடங்கலாம்.